டயர் தேயட்டும்: ஒரு ஸ்டாக் கார் ரசிகனின் 2024 குறிப்புகள்

மார்ச் 18, திங்கள்

நேற்று பகல் முழுவதும் பிரிஸ்டலில் இருந்தோம். இன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் கல்லூரிக் கூடைப்பந்துதான் பேச்சு. அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் வட கரோலினாவின் சார்லட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, நேற்றைய பந்தயத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிரிஸ்டல் என்பது டென்னசி மலைகளுக்கு நடுவே அரை மைலுக்குச் சற்றே அதிகமான கான்கிரீட் வளையம். 500 சுற்றுகள். அங்கே ஒரு செட் டயர் வழக்கமாக நூறு சுற்றுக்கு மேலும் தாங்கும். நேற்று நாற்பது, ஐம்பது சுற்றுக்குள் மேல் ரப்பர் கழன்று உள்ளிழை தெரியத் தொடங்கிவிட்டது. குளிர்ந்த நாள், ரப்பர் தளத்தில் படியாமல் துகளாக உதிர்ந்து காற்றில் பறந்தது. வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மேல் எல்லாம் அதுதான். டப்பாவைத் திறந்தபோது தயிர்ச்சாதத்தில் தாளிதக் கடுகு போல் கருந்துகள்கள். மகள் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்து, "அப்பா, இது இன்னும் சூடாக இருக்கிறது" என்றாள்.

நிலைமையைப் பார்த்து அணிகளுக்குக் கூடுதலாக ஒரு செட் டயர் தரவேண்டியதாயிற்று. முன்னிலை 54 முறை கைமாறியது. குறுந்தடப் பந்தயங்களில் இது சாதனை. முடிவில் முன்னிலைக் காரைவிட ஒரு சுற்றுகூடப் பின்தங்காமல் மிஞ்சியிருந்தவை ஐந்து கார்கள்தாம். வென்றவர் டென்னி ஹாம்லின், இரண்டாவது மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர், மூன்றாவது பிராட் கெசலோவ்ஸ்கி. மூவரும் நாற்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். இது தற்செயல் அல்ல. ஆக்சிலரேட்டரை எங்கே விடுவது, எந்த வளைவில் வலது பின்சக்கரத்துக்கு ஓய்வு கொடுப்பது என்பதையெல்லாம் பழைய கார்களில் உழன்று கற்றவர்கள் அவர்கள். 2022இல் வந்த புதிய காரில் அந்தக் கலைக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. தளமும் காரும் ஒத்துழைத்தால் அகலமான டயர் தேயாமல் ஓடும். முன்னால் இருப்பவன் முன்னாலேயே இருப்பான்.

இணையத்தில் பாதிப் பேர் "இது பந்தயமே அல்ல, டயர் நிறுவனத்தின் தோல்வி" என்று குமுறுகிறார்கள். குமுறட்டும். பல ஆண்டுகளில் இப்படி ஒரு குறுந்தடப் பந்தயத்தை நான் பார்த்ததில்லை.

மே 27, திங்கள்

நேற்று கோக்கா-கோலா 600. எங்கள் ஊர்ப் பந்தயம். நாஸ்காரின் மிக நீளமான பந்தயமும் இதுதான். நினைவுநாள் வார இறுதி என்பதால் ஒவ்வொரு காரின் முன்கண்ணாடி மேலும் ஓட்டுநரின் பெயருக்குப் பதிலாகப் போரில் இறந்த ஒரு படைவீரரின் பெயர் இருக்கும். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்மணி பெரிய எழுத்தில் ஒரு பெயர் அச்சடித்த சட்டை அணிந்திருந்தார். அந்தப் பெயர் தாங்கிய கார் கடக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றார். அது எத்தனையாவது இடத்தில் ஓடியது என்று அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

இந்த முறை எல்லோரும் காத்திருந்தது கைல் லார்சனுக்காக. ஒரே நாளில் இண்டியானாபொலிஸ் 500 ஓட்டிவிட்டு, விமானத்தில் பறந்துவந்து இங்கே 600 மைல் ஓட்டுவது திட்டம். அங்கே மழையால் தாமதம். முடித்துவிட்டு இங்கே வந்து தலைக்கவசத்தோடு பிட்டில் (கார்களுக்கு டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடம்) நின்றபோது இங்கேயும் மழை. அதுவரை அவர் காரை ஓட்டியவர் ஜஸ்டின் ஆல்கைர். 400 சுற்றில் 249 முடிந்திருந்தது. உலர்த்தும் வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. காற்றில் ஈரப்பதம் இறங்கவில்லை. நள்ளிரவு நெருங்கும் வேளையில் பந்தயம் முடிந்ததாக அறிவித்து கிறிஸ்டோபர் பெல்லை வெற்றியாளராக்கினார்கள். பாதித் தூரம் தாண்டிவிட்டதால் விதிப்படி சரிதான். லார்சன் ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை.

இதே லார்சன் இம்மாதம் 5ஆம் தேதி கான்சஸில் கிறிஸ் புஷரை 0.001 விநாடியில் வென்றவர். நாஸ்காரின் முதன்மைத் தொடரான கோப்பைப் பந்தய வரலாற்றில் இதைவிட நெருக்கமான முடிவு கிடையாது. மூன்று வாரத்தில் இப்படி இரண்டு விதமும் ஒரே மனிதருக்கு.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரிச்மண்ட். கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசிச் சுற்று. முன்னால் ஜோயி லோகானோ. மூன்றாம் வளைவில் ஆஸ்டின் டில்லன் பின்னாலிருந்து வந்து லோகானோவை இடித்துச் சுழற்றிவிட்டார். உள்பக்கமாகப் புகுந்த ஹாம்லினின் வலது பின்முனையில் அடுத்த நொடியே கொக்கி போட்டுச் சுவரில் தள்ளினார். கோடு தாண்டினார், வென்றார். மேலே நின்று அவருக்கு வழிசொல்லும் ஸ்பாட்டர் வானொலியில் "இடித்துத் தள்ளு" என்று கத்தியதும் பதிவாகியிருக்கிறது.

முட்டித் தள்ளி முந்துவது இந்த விளையாட்டில் குற்றமல்ல. பின்பம்பரில் ஒரு தட்டு, எதிராளி அரை அடி விலகுவான், நீ போய்க்கொண்டே இருப்பாய். முரட்டு ஓட்டத்துக்குப் பேர்போன டேல் ஏர்ன்ஹார்ட் காலத்திலிருந்து அதற்கு ரசிகர்கள் உண்டு, நானும் உண்டு. ஆனால் டில்லன் புள்ளிப் பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்தவர். ஒரே ஒரு வெற்றி போதும், பட்டத்துக்கான இறுதிக் கட்டமான பிளேஆஃபுக்குள் போய்விடலாம் என்பது விதி. அப்படி ஒரு பரிசைத் தொங்கவிட்டால் யார்தான் பிரேக்கை மிதிப்பான்?

என் அலுவலக நண்பர் கனெக்டிகட்காரர், லோகானோவின் ஊர்ப்பக்கம். காலையில் காபி எடுக்கும் இடத்தில் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. ஒருவழியாகப் பேச ஆள் கிடைத்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது: டில்லனின் வெற்றி நிற்கும், ஆனால் பிளேஆஃப் இடம் கிடையாது. கோப்பையை வைத்துக்கொள், அது எதற்கும் செல்லாது. ஊர்ப் பஞ்சாயத்துகூட இதைவிடத் தெளிவாகச் சொல்லும். இருந்தாலும், தண்டித்தார்களே என்று கொஞ்சம் நிம்மதி.

அந்த நிம்மதியும் ஒரு நாள் நீடிக்கவில்லை. மார்ச்சில் பிரிஸ்டலில் ஹாம்லின் வென்ற காரின் எஞ்சினை, நாஸ்கார் பரிசோதிக்கும் முன்பே டொயோட்டாவின் எஞ்சின் பிரிவு தவறுதலாகப் பிரித்துவிட்டதாம். அவர்களே போய் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விதி விதிதான்: 75 புள்ளிகள் போயின, பிளேஆஃப் புள்ளிகள் பத்தும் போயின. ஓட்டியவர் மேல் ஒரு குறையும் இல்லை, ஆனால் புள்ளி போவது அவர் கணக்கில்.

"இடப்பக்கம் மட்டுமே திரும்பும் விளையாட்டுக்கு இவ்வளவு சட்டமா?" என்று மனைவி கேட்டாள். வழக்கமான கேள்வி, இந்த முறை பதில் இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

டார்லிங்டனிலிருந்து விடியற்காலையில் வீடு சேர்ந்தோம். இன்று தொழிலாளர் தின விடுமுறை, அதனால் நிதானமாக எழுதலாம்.

தென் கரோலினாவின் பருத்தி, புகையிலை வயல்களுக்கு நடுவே 1950இல் திறந்த தடம். நிலத்தை விற்றவர் தன் மீன்குளத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், ஒரு முனையைக் குறுக்கிக் கட்டினார்கள். அதனால் வடிவம் முட்டை. இரு முனைகளும் இரு வேறு வளைவுகள். ஒரு முனைக்குக் காரைச் சரியாக அமைத்தால் மறுமுனையில் உதைக்கும். வேகமான பாதை மேல்சுவரை ஒட்டியே போகிறது. வலப்பக்கம் சுவரில் உராய்ந்து பெயின்ட் போகாத கார் முடிவில் மிக அபூர்வம். அந்தக் கீறலுக்கு 'டார்லிங்டன் பட்டை' என்றே பெயர். தளம் கரடு. இங்கே டயர் தேயும், தேய்ந்தே தீரும்.

இங்கே நடக்கும் பந்தயத்துக்கு சதர்ன் 500 என்று பெயர். முதல் சதர்ன் 500இல் 75 கார்கள் ஓடின. ஜானி மாண்ட்ஸ் ஓட்டிய பிளைமவுத் அவற்றில் மிக மெதுவானவற்றில் ஒன்று. மற்றவர்கள் வேகமாகப் போய் டயர் வெடித்து வெடித்து நின்றார்கள். மாண்ட்ஸ் கடினமான டிரக் டயர் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டி வென்றார். எனக்குப் பிடித்த நாஸ்கார் கதை இதுதான். யாரேனும் "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், சிறுவயதிலிருந்து வருகிறவராம். ஸ்கேனரை வாடகைக்கு எடுத்துக் காதில் மாட்டியிருந்தேன். எந்த ஓட்டுநர் தன் அணியோடு என்ன பேசுகிறார் என்று அதில் கேட்கலாம். அவர் அதெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "நான்காம் வளைவில் எவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முதலில் எடுக்கிறானோ அவனைப் பார், கடைசி ஐம்பது சுற்றில் அவன் வருவான்" என்றார். புளியோதரை கொடுத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் சாப்பிட்டார், பிறகு கேட்டார்.

2020 ஜூனில் நாஸ்கார் தன் தடங்களில் கான்ஃபெடரேட் கொடியைத் தடைசெய்தது. அதற்கு முன்பென்றால் நான் குடும்பத்தோடு இங்கே வந்திருக்க மாட்டேன். வெளியே சாலையோரத்தில் ஓரிரு வண்டிகளில் அது இன்னும் பறக்கிறது. மகள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

பந்தயத்துக்கு வருகிறேன். 367 சுற்றில் 263 சுற்று லார்சன்தான் முன்னால். ஆனால் வென்றவர் சேஸ் பிரிஸ்கோ. அவருடைய ஸ்டூவர்ட்-ஹாஸ் அணி இந்த ஆண்டோடு மூடப்படுவதாக மே மாதமே அறிவித்துவிட்டது. பட்டறையில் இருப்பவர்கள் பலரும் அடுத்த வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். அப்படிப்பட்ட அணி வந்து சதர்ன் 500ஐ எடுத்துக்கொண்டு போகிறது. கடைசிச் சுற்றுகளில் கைல் புஷ் நெருங்கி நெருங்கி வந்தார், எட்டவில்லை. போன வாரம் டேடோனாவிலும் அவருக்கு இரண்டாமிடம்தான். இரண்டில் ஒன்றை வென்றிருந்தாலும் பிளேஆஃப் கிடைத்திருக்கும்.

பிளேஆஃபுக்கு முந்தைய வழக்கப் பருவத்தின் முதலிடம் டைலர் ரெடிக்குக்கு. வயிற்றுக் கோளாறோடு நாள் முழுக்க ஓட்டி, லார்சனைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றார். மே மாதம் மழையில் நின்ற லார்சனுக்கு 600இல் கிடைத்தது பூஜ்யம். பந்தயத்தைத் தொடங்கியவருக்குத்தான் புள்ளி. அன்று இண்டியானாபொலிஸில் மழை பெய்யாமல் இருந்திருந்தால் கணக்கே வேறு.

செப்டம்பர் 22, ஞாயிறு

மீண்டும் பிரிஸ்டல், இரவுப் பந்தயம். மார்ச்சில் போட்ட அதே வகை டயர். இந்த முறை தேயவே இல்லை. லார்சன் 500இல் 462 சுற்று முன்னிலையில் ஓடி ஏழு விநாடி வித்தியாசத்தில் வென்றார். அவர் ஓட்டியது அற்புதம், பந்தயம் அல்ல. பாதியில் மகள் என் தோளில் தூங்கிவிட்டாள், அந்தச் சத்தத்தில்.

அதே தடம், அதே டயர். மார்ச்சின் குளிர் மட்டும் இல்லை. நல்ல பந்தயம் கிடைப்பதும் கிடைக்காததும் வெயிலைப் பொறுத்தது என்றால் அணிகளையும் டயரையும் நம்பி என்ன பயன்? மென்மையான டயர் கொண்டுவாருங்கள், குதிரைத்திறனைக் கூட்டுங்கள் என்று ஓட்டுநர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறுந்தடத்தில் 670 குதிரைத்திறன் இந்தக் காருக்குப் போதாது.

அக்டோபர் 7, திங்கள்

அலபாமாவின் டாலடேகா. ஒரே விபத்தில் 28 கார்கள். பார்த்தேன். தொலைக்காட்சியை அணைத்தேன்.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிப் பலகாரத்தின் மிச்சத்தோடு மார்ட்டின்ஸ்வில் பார்த்தேன். 2010இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாஸ்கார் டிரக் தொடரில் அறிமுகமானது இந்தத் தடத்தில்தான். ஓர் ஆண்டுதான் இருந்தார். அந்த ஆண்டு டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் வாக்களித்து அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதில் எத்தனை வாக்கு நம்மூரிலிருந்து போனது என்று யூகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

நேற்று வென்றவர் ரயன் பிளேனி. அதை எவரும் பேசவில்லை. நால்வர் மட்டுமே பட்டத்துக்கு மோதும் இறுதிக்குள் போகக் கடைசி இடத்துக்கு வில்லியம் பைரனும் பெல்லும் மோதினார்கள். பைரனுக்குப் பின்னால் இரண்டு ஷெவர்லே கார்கள் பக்கம் பக்கமாக ஓடி வழியை அடைத்துக்கொண்டன. முந்தவும் இல்லை, விடவும் இல்லை. இன்னொரு பக்கம் பெல்லுக்கு வசதியாக ஒரு டொயோட்டா திடீரென்று மெதுவானது. கடைசி வளைவில் பெல் சுவரில் ஒட்டிக்கொண்டு போனார். 2022இல் ராஸ் சாஸ்டெய்ன் இங்கே செய்து, பிறகு தடைசெய்யப்பட்ட வித்தை. அரை மணி நேரம் போலக் காக்கவைத்து பெல்லுக்குத் தண்டனை, பைரன் உள்ளே என்று அறிவித்தார்கள்.

பெல் ஆண்டு முழுவதும் நன்றாக ஓட்டியவர். ஆறு பந்தயம் வென்ற லார்சனும் நேற்றோடு வெளியே. என் ஹாம்லினும் வெளியே. 54 வெற்றி, ஒரு பட்டமும் இல்லை.

நவம்பர் 11, திங்கள்

பட்டத்தைத் தீர்மானிக்கும் ஃபீனிக்ஸ் பந்தயத்தில் லோகானோ வென்றார். மூன்றாவது பட்டம்: 2018, 2022, 2024. அவர் மேல் எனக்குக் குறை இல்லை. விதி என்ன கேட்கிறதோ அதைச் சரியான நாளில் செய்கிறவர். கடைசி ஒற்றைப் பந்தயத்தில் பிளேனி விரட்டி வந்தும் இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அவருடைய சராசரி முடிவு பதினேழாமிடம்! 2003இல் மாட் கென்செத் ஒரே ஒரு வெற்றியோடு, ஆனால் ஆண்டு முழுக்கச் சீராக ஓட்டிப் பட்டம் வாங்கினார். அது சுவாரசியமில்லை என்று அடுத்த ஆண்டே முறையை மாற்றினார்கள், 2014இல் இன்னும் முறுக்கினார்கள். கென்செத்தே தேவலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று ட்ரூயெக்ஸுக்கு முழுநேர ஓட்டுநராகக் கடைசிப் பந்தயம். ஸ்டூவர்ட்-ஹாஸுக்கும் அதுவே கடைசி. பிரிஸ்கோ அடுத்த ஆண்டு ட்ரூயெக்ஸின் இருக்கைக்கே போகிறார்.

கனெக்டிகட் நண்பரிடம் செப்டம்பரில் கட்டிய பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன். வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் மட்டன் பிரியாணி. லோகானோ தொப்பி போட்டுக்கொண்டு வருவேன் என்கிறார். வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.