கோவில்பட்டியில் கி.ரா., இடைசெவலில் அவர் கதைகள்

திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டில் வடக்கே போகப் போக மண் கறுத்துக்கொண்டே வரும். தாமிரபரணிப் பக்கத்து நெல்லும் வாழையும் பின்னால் போய், கயத்தாறு தாண்டினால் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற மானாவாரிக் காடுதான். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் (கி.ரா.) கரிசல் சீமை.

கோவில்பட்டியில் தமிழக அரசு அவருக்குக் கட்டிய நினைவரங்கம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. உள்ளே போனதும் சிலை முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத சம்சாரி, அதாவது விவசாயி. அவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியராக உட்கார வைத்தது. வீட்டில் பேசியது தெலுங்கு. கரிசல் தமிழுக்கு வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்ததும் அவர்தான். 1991-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். எனக்கு அதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது அவர் சேகரித்த நாட்டுப்புறக் கதைகள். களத்துமேட்டிலும் திண்ணையிலும் சொன்ன கிழவன் கிழவிகளின் பேர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் பாலியல் கதைகளையும் அவர் தள்ளிவிடவில்லை. ஆசாரம் பார்த்திருந்தால் நாட்டுப்புறத்தில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

அப்புறம் வந்த வழியே திரும்பி இடைசெவலில் இறங்கினேன். கி.ரா.வும் அவர் சிநேகிதர் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இரண்டு பேருமே சாகித்ய அகாதமி விருது வாங்கியவர்கள். ஊரை ஒட்டிய காட்டில் மழை காணாத மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் விரலை விட்டேன், மணிக்கட்டு வரை உள்ளே போனது. அடியில் ஈரம் இருந்தது.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர், "நைனா ஊரைப் பாக்க வந்தீகளா தம்பி? உக்காருங்க" என்றார். நைனா என்றது கி.ரா.வைத்தான். கேட்காமலே ஒரு கதை வந்தது. ராத்திரியில் பருத்தி ஏற்றிப் போகிற வண்டிக்குப் பின்னால் முனி நடந்து வருமாம். வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"மாடு திரும்பிப் பாத்துட்டா, தாத்தா?"

"அப்புறம் எங்க வண்டி நகர? விடிய விடிய அங்கனயேதான்!"

நினைவரங்கத்தில் மாதம் ஒரு நாளாவது இப்படிப்பட்ட பெரியவர்களை உட்கார வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் இடைசெவலில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். எல்லா வண்டியும் நிற்பதில்லை.