யார் சொன்னதுங்கற அந்த ஒரு கட்டம்

ஒமாஹா மொழி அகராதி வேலைல நான் அதிகமா வாதாடினது எந்த சொல்லுக்காகவும் இல்ல, டேட்டாபேஸ்ல இருந்த ஒரு கட்டத்துக்காக. "சொன்னவர்"னு அதுக்குப் பேரு. டிசைன் பாத்தவங்க, மொபைல்ல நெருக்கடியா தெரியுது, சொல் இருக்கு அர்த்தம் இருக்கு உதாரண வாக்கியமும் இருக்கு, இதுக்கு மேல யார் சொன்னா என்ன, அத எடுத்துடலாம்னாங்க. நான் கூடவே கூடாதுன்னு நின்னேன். ஏன் நின்னேன்னு எழுதி வெக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

ஒமாஹா, வட அமெரிக்க பழங்குடி மக்கள் பேசற சூவன் குடும்பத்து மொழி. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்தோட வடகிழக்குல, மிசௌரி ஆத்தை ஒட்டி அவங்க ரிசர்வேஷன், அதாவது அந்த பழங்குடி மக்களுக்குன்னு ஒதுக்கின நிலம் இருக்கு, மேசி, வால்ட்ஹில்னு சின்ன சின்ன ஊருங்க. போங்கா மக்கள் பேசறதும் கிட்டத்தட்ட இதேதான், ஓசேஜ், கான்சா, குவாப்பா எல்லாம் பங்காளி மொழிங்க. பிள்ளைங்கள வீட்டுலேர்ந்து பிரிச்சு போர்டிங் ஸ்கூல்ல போட்டு இங்கிலீஷ் மட்டுந்தான் பேசணும்னு வெச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு, நெப்ராஸ்காலயே ஜெனோவாங்கற ஊர்ல 1884-லேர்ந்து 1934 வரைக்கும் அப்படி ஒரு பள்ளிக்கூடம் நடந்துருக்கு. அதோட பலன், இன்னைக்கு சின்ன வயசுலேர்ந்து ஒமாஹா பேசி வளந்தவங்கன்னு ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இருக்காங்க, எல்லாரும் வயசானவங்க.

நாங்க வெச்சு வேலை பாத்ததுல பெரும் பங்கு ஜேம்ஸ் ஓவன் டோர்சி எழுதின சீட்டுங்க. 1871-ல மிஷனரியா போங்கா மக்கள்கிட்ட போனவர், உடம்பு முடியாம 1873-ல திரும்பிட்டார், அப்புறம் 1878-லேர்ந்து 1880 வரைக்கும் ஒமாஹா ரிசர்வேஷன்லயே தங்கி கேட்டு கேட்டு எழுதினார். 1890-ல கதையும் கடிதமுமா ஒரு பெரிய புத்தகம் வந்துச்சு. அகராதி மட்டும் அச்சுக்கு வரல, 1895-ல டைஃபாய்டு வந்து 46 வயசுலயே இறந்துட்டார். அதுக்காக அவர் எழுதி வெச்ச சீட்டுங்க சுமார் 20,000, ஸ்மித்சோனியன் காப்பகத்துல இருக்கு.

அந்த சீட்ட ஸ்க்ரீன்ல பெருசு பண்ணி வெச்சுகிட்டு உக்காந்தா முதல்ல தலை சுத்தும். இங்கிலீஷ் எழுத்துங்களத்தான் மாத்தி மாத்தி வெச்சு எழுதியிருப்பார். குறுக்கே கோடு போட்ட சி ஒண்ணு வரும், அது நாக்க பல்லு நடுவுல வெச்சு சொல்ற த. வெறும் சி எழுதியிருந்தா அத ஷ-ன்னு படிக்கணும், க்யூ இருந்தா தொண்டைல உரசிகிட்டு வர்ற ஹ. மேல தூக்கி குட்டியா ஒரு என் போட்டிருந்தா முன்னாடி இருக்கற உயிர மூக்கால சொல்லணும். இதுல தலைகீழா கவுத்து எழுதின கே-யும் டி-யும் வேற வரும், மூச்சுக் காத்து விடாம அழுத்தி சொல்ற ஒலிக்காக அவர் பண்ணி வெச்ச ஏற்பாடு. அவசரத்துல நேரா இருக்கற கே-ன்னு டைப் பண்ணிட்டா வேற ஒலி ஆகி வேற சொல்லு ஆயிடும். இதையெல்லாம் இன்னைக்கு பிள்ளைங்க ஸ்கூல்ல படிக்கற எழுத்துக்கு மாத்தி ஏத்தறதுதான் என் வேலை. ஒரு சீட்டுக்கு சில சமயம் ஒரு மதியமே போயிடும், ஆனா அவர் காது எவ்வளவு கூர்மையா இருந்துருக்குன்னு நினைக்க நினைக்க மரியாதை கூடிகிட்டே போகும்.

தேடறதுலயும் சிக்கல் இருக்கு. "பாக்கறது"ங்கற வினை மெதுவான ட-ல ஆரம்பிச்சு டோம்பேன்னு வரும், நான் பாக்கறேன்னா அதே ட அழுத்தமாயிடும், நீ பாக்கறேன்னா ஷ்டோம்பே. காதுல ஷ்டோம்பேன்னு விழுந்த பையன் ஷ-ல போய் தேடினா ஒண்ணும் கிடைக்காது, அதனால ஒவ்வொரு உருவத்தையும் தாய் சொல்லோட இணைச்சுகிட்டே போனோம். இது பொறுமையா உக்காந்தா முடிஞ்சுடற வேலை.

பொறுமைய மட்டும் வெச்சு முடிக்க முடியாதது அந்த "சொன்னவர்" கட்டம். ஒமாஹாவுல ஆம்பளை ஒருத்தர ஏதாவது செய்யச் சொன்னா கடைசில கா-ன்னு முடிப்பார், பொம்பளை சொன்னா ஆ-ன்னு முடியும். அண்ணனுக்கு ஆம்பளை சொல்ற சொல்லு வேற, பொம்பளை சொல்ற சொல்லு வேற. டோர்சிக்கு சொன்னவங்கள்ல பெரும்பாலானவங்க ஆம்பளைங்க. அப்ப அவர் எழுதினது அப்படியே அகராதில ஏறினா என்ன ஆகும்?

ஒரு தடவை உதாரண வாக்கியங்கள பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துகிட்டு ஒரு பெரியம்மாகிட்ட ஒலிப்பதிவுக்கு போயிருந்தோம். கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி விட்டு, வரிக்கு கீழ விரல ஓட்டிகிட்டே ஒவ்வொண்ணா படிச்சுகிட்டு வந்தாங்க, குரல் அவ்வளவு தெளிவு. ஒரு கட்டளை வாக்கியம் வந்ததும் விரல் நின்னுடுச்சு. மைக்க கையால மூடிட்டு, இத நான் சொல்லக் கூடாது, இது எங்க அண்ணன் வாயில வர்ற பேச்சுன்னாங்க. அப்புறம் அவங்களே கடைசிய ஆ-ன்னு மாத்தி சொல்லி பதிவு பண்ணினாங்க, ஆம்பளை பேச்சுக்கு அவங்க சொந்தத்துல ஒருத்தர வரவழைச்சு பக்கத்துல உக்கார வெச்சாங்க, அவர் சொல்றத திருத்தவும் செஞ்சாங்க. யார் சொன்னதுன்னு குறிக்காம கா-ன்னு முடியற வாக்கியத்த மட்டும் போட்டிருந்தா, அத கேட்டு படிக்கற பொண்ணுங்க எல்லாம் ஆம்பளை பேச்சு பேச ஆரம்பிச்சுருப்பாங்க, ஆசையோட கத்துக்க வந்த பிள்ளைக்கு நாமளே தப்பா கத்துக் குடுத்த மாதிரி ஆயிருக்கும்.

உறவுமுறைல இது இன்னும் ஆழம். மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871-ல வெளியிட்ட உறவுமுறை அட்டவணைங்கள்ல ஒமாஹாவும் இருக்கு, தமிழும் இருக்கு, அத பாத்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா முறை ஒண்ணா இல்ல. நமக்கு தாய்மாமன் பொண்ணு முறைப்பொண்ணு, ஒமாஹாவுல அவ அம்மா முறை, சின்ன குழந்தையா இருந்தாலும் அம்மா முறைதான். மாமனோட பையனும் மாமனேதான். அத்தை பிள்ளைங்களோ, ஆம்பளைக்கு தன் அக்கா தங்கச்சி பிள்ளைங்க மாதிரி. இப்படி ஒரு முறைய ஒத்தை வரி இங்கிலீஷ் அர்த்தத்துல அடக்க முடியாது, யார் யார அப்படி கூப்பிடறாங்கன்னு சேத்து எழுதினாத்தான் அந்தப் பதிவே நிக்கும்.

டோர்சி இத நல்லா புரிஞ்சு வெச்சுருந்தார்ங்கறது என் எண்ணம். 1884-ல ஒமாஹா சமூகத்த பத்தி அவர் எழுதினதுல, ஒருத்தர் சொன்ன தகவல போட்டுட்டு, இத டூ க்ரோஸ் மறுக்கிறார்னு பக்கத்துலயே எழுதியிருப்பார். டூ க்ரோஸ் அந்த மக்கள்ல ஒரு பெரியவர். மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1938-ல கூட, தான் முன்னாடி படிச்ச அந்த வரிய எடுத்து பேசியிருக்கார், அவ்வளவு தூரம் அது அவர உலுக்கியிருக்கு. 1890 புத்தகத்து குறிப்புகள்லயும் ஜோசப் லா ஃப்ளெஷ் இப்படி சொல்றார், அவர் மகன் ஃப்ரான்சிஸ் வேற மாதிரி சொல்றார்னு பேரோடயே வரும். அந்த ஃப்ரான்சிஸ்தான் பின்னால ஓசேஜ் மொழிக்கு அகராதி எழுதி 1932-ல வந்துச்சு, அதே வருஷம் அவரும் போயிட்டார். ரெண்டு பேர் ஒத்துக்கலைன்னா அத மறைக்காம எழுதறது நேர்மை, அதுல மொழியும் உயிரோட இருக்கு. "சொன்னவர்" கட்டத்த தூக்கினா அந்த மறுப்பும் சேந்து போயிடும், மிஞ்சறது எல்லாரும் ஒரே குரல்ல பேசின மாதிரி ஒரு பொய்.

1977-ல வந்த ஒரு ஒமாஹா சொற்தொகுப்பு இருக்கு, எலிசபெத் ஸ்டேப்ளர்ங்கற அம்மாவும் மார்க் ஸ்வெட்லண்டும் சேந்து பண்ணினது. அதோட தலைப்புலயே அந்த அம்மா பேர் இருக்கு. மீட்டிங்ல இன்னாரோட பேச்சுன்னு அச்சடிச்ச அந்த அட்டைய எல்லாருக்கும் காட்டினேன். இந்த மக்கள் பக்கத்துலேர்ந்து வந்த பெரியவங்களும், பேர் இருக்கட்டும், எங்க பேரப் பிள்ளைங்க எங்கள தேடி வரணும்னாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது.

கட்டம் இருக்கு. உயிரோட இருக்கறவங்க பேர அவங்க சம்மதிச்சா மட்டும் போடறோம், வேண்டாம்னவங்களுக்கு ஆணா பெண்ணாங்கறது மட்டும். ரெண்டு பேர் ரெண்டு மாதிரி சொன்னா ரெண்டும் ஒண்ணு கீழ ஒண்ணா வரும், எது சரின்னு நாங்க தீர்ப்பு சொல்றதில்ல. டோர்சி சீட்டுங்கள்ல பேரே இல்லாததும் உண்டு, ஆனா அதுல இருக்கற வாக்கியம் சில சமயம் 1890 புத்தகத்துலயும் வரும், அங்க ஒவ்வொரு கதைக்கும் சொன்னவர் யார்னு போட்டிருக்கார், அதனால ஒத்து பாத்து பேர கண்டுபிடிச்சு ஒண்ணொண்ணா ஏத்திகிட்டு இருக்கோம். இப்ப என் மேஜைல நடக்கறது அந்த வேலைதான்.