எந்தச் சத்தம்?

பைக்கைக் கார் இடித்த ஒரு வழக்கு. நான் கார்க்காரரின் வக்கீல். குறுக்கு விசாரணையில், அரசுத் தரப்பு சாட்சியான அந்த இளநீர்க்காரரிடம் நான் கேட்டது ஆறோ ஏழோ கேள்விகள்தான். இரண்டு மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

“இளநீர் வெட்டும்போது கண் காயில்தானே இருக்கும்?”

“ஆமாங்க. இல்லேன்னா விரல் போயிரும்.” இடது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் குறுக்கே ஒரு பழைய தழும்பு. மாஜிஸ்திரேட்கூடச் சிரித்துவிட்டார்.

“சத்தம் கேட்டுத்தான் ரோட்டைப் பார்த்தீர்கள்?”

“ஆமாங்க.”

‘சத்தம் கேட்டுத்தான் நான் சாலையைப் பார்த்தேன் என்று சொன்னால் சரிதான்’ என்று தட்டச்சில் ஏறியது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

எந்தச் சத்தம் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஹாரனும் வாய்ச்சண்டையும் கேட்டு நிமிர்ந்ததாகவும், அதற்குப் பிறகே கார் வளைந்து பைக்கை இடித்ததாகவும் போலீசாரிடம், அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின் கீழ் கொடுத்த வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார். அந்த வரியின் கீழ் நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தனக்குச் சாதகமாகக் காட்ட முடியாமல் இருந்தது. அதே சட்டத்தின் 162-ஆம் பிரிவு விடவில்லை. ஆனால் குறுக்கு விசாரணைக்குப் பிறகு தன் சாட்சியைத் தானே திரும்பக் கேட்கும் மறு விசாரணையில் “எந்தச் சத்தம்யா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அரசு வழக்கறிஞர் அடுத்த வழக்கின் கட்டைப் புரட்டிக்கொண்டே “மறு விசாரணை இல்லை” என்றார்.

சாலைத் தகராறுக்கென்று நம் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 338 (அதுபோன்ற செயலால் கொடுங்காயம் ஏற்படுத்தியது) என்றுதான் போட்டிருந்தார்கள். அடிபட்டவர் ஏற்கெனவே சண்டை போட்டவர் என்பதால் அவர் பேச்சுக்குப் பக்கபலமாக வேறொரு சாட்சி வேண்டியிருந்தது. இருந்தவர் இவர் ஒருவர்தான். ‘அ.சா.2 சத்தம் கேட்ட பிறகே பார்த்ததாக ஒப்புக்கொண்டுள்ளார்’ என்று தீர்ப்பில் வந்தது. அ.சா.2 என்றால் அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி, இவர்தான். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்ட என் கட்சிக்காரருக்கு.

நான் யாரையும் பொய் சொல்ல வைக்கவில்லை. அரசுத் தரப்பின் ஓட்டையை அடைப்பது என் வேலையும் இல்லை. அதோடு, கண்ணால் கண்ட சாட்சி என்பதே அவ்வளவு உறுதியான சங்கதியா என்ன? 1974-ல் லாஃப்டஸ், பால்மர் என்ற இருவர் மாணவர்களுக்கு விபத்துப் படம் போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேள்வி கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கேள்வியில் ஒரு சொல் மாறினால் நினைவும் மாறுகிறது. ஜூனியர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன்.

ஆனால் இவர் விஷயத்தில் அது பொருந்தவில்லை. இவருக்கு நினைவு எதுவும் மாறவில்லை. பார்த்ததைப் பார்த்தபடியே வைத்திருந்தார். ‘சத்தம்’ என்ற சொல்லுக்குள் அவர் ஹாரனை வைத்திருந்தார், கேட்டவர்கள் மோதலை வைத்துக்கொண்டார்கள். இரண்டும் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

அப்புறம் வராந்தாவில் என்னிடமே வந்தார். ஒருவேளை நான்தான் அரசு வக்கீல் என்று நினைத்தாரோ என்னவோ. வாய்தா, வாய்தா என்று அது அவருக்கு மூன்றாவது நடை. மூன்று நாள் வியாபாரம் போச்சு.

“சார், நான் சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீங்க” என்றேன்.

அது பொய்யில்லை. அதனால்தான் அது கோர்ட்டில் கேட்ட கேள்விகளைவிட அதிகமாக உறுத்துகிறதோ என்று சில நாள் தோன்றும். சில நாள், வேறென்னதான் சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றும்.

என் கட்சிக்காரர் தீர்ப்பன்று ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஸ்டியரிங்கை வேண்டுமென்றே ஒடித்தாரா என்று வழக்கு நடந்த அத்தனை மாதங்களில் அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.