மலிவு விலையில் ஒரு சப்பான் வாள்: சுங்கை சிப்புட்டில் நான் பட்ட பாடு

எங்கள் வீட்டில் சப்பான் வாள் என்ற பேச்சே ஆகாது. பாட்டிக்கு இப்போது 91 வயது. சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட அவருடைய அண்ணனை லோரியில் ஏற்றிப் போனார்கள். லயத்து வாசலில் நின்று அதைப் பார்த்த எட்டு வயதுப் பிள்ளை அவர். அண்ணன் திரும்பி வரவில்லை. ஏற்றிப் போன சப்பான் அதிகாரியின் முகம் பாட்டிக்கு நினைவில்லை. அவன் இடுப்பில் தொங்கிய வாளுறை பூட்ஸில் இடித்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது என்பார்.

அந்த வீட்டுக்குத்தான் நான் சப்பான் வாள் வாங்கி வந்தேன். அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பேட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு கூட்டாளி ஒருவர் ஈப்போவில் இயாய்டோ என்ற சப்பான் வாள் கலைப் பயிற்சிக்கு இழுத்துப் போனார். வாடகைக்கு எடுத்த பூப்பந்து மண்டபத்தில் பத்துப் பேர் முட்டி போட்டு உட்கார்ந்து, உறையிலிருந்து வாளை உருவி, காற்றில் வெட்டி, மறுபடியும் உறையில் போடுவார்கள். அவ்வளவுதான். பார்க்கச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால் முட்டி கழன்றுவிடும். முதல் ஆறு மாதம் எனக்கு மரவாள்தான். 60 வெள்ளி. சொந்த வாள் எப்போது வாங்கலாம் என்று சென்செய்யை, அதாவது எங்கள் ஆசானைக் கேட்டேன். சீனர், எழுபதைத் தாண்டியவர். "பொறு" என்றார்.

பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தை ஒன்றில் கண்ணில் பட்டது. கறுப்பு உறை, நூல் சுற்றிய கைப்பிடி, வளையத்தில் பூ வேலைப்பாடு. "சப்பான்காரன் சரணடைஞ்சப்போ விட்டுட்டுப் போனது" என்றார் கடைக்காரர். 600 சொன்னார், 350க்குப் பேசி முடித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு. காசு கொடுத்து வாங்குகிற மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. பழைய பாயில் சுருட்டிக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு பட்டறையைச் சாத்திவிட்டு, விளக்குக்குக் கீழே பிடித்து மெல்ல ஆட்டினேன். கைப்பிடிக்குள் எங்கேயோ 'டிக் டிக்' என்றது. கப்சாய் மோட்டார் சைக்கிள் சங்கிலி தளர்ந்தால் வருமே, அந்த மாதிரி.

முறையான சப்பான் வாளில் அலகின் வால்பகுதி கைப்பிடிக்குள் பெரும்பகுதி நீளத்துக்குப் போகும். அதை நகாகோ என்பார்கள். கைப்பிடியையும் வாலையும் சேர்த்துப் பிடித்திருப்பது குறுக்கே செருகிய மூங்கில் ஆணி, மெகுகி. நட்டு, போல்ட்டு, பசை எதுவும் கிடையாது. ஆணியைத் தட்டி எடுத்தால் வாள் முழுவதும் பாகம் பாகமாகக் கழன்று வர வேண்டும். நம்முடையதில் ஆணி மாதிரி தெரிந்தது மேலே ஒட்டிய பொட்டு. கைப்பிடியின் அடிமூடியைத் திருகினேன், உள்ளே நட்டு. 10ஆம் நம்பர் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதே வயிறு கலங்கிவிட்டது. கழற்றி உருவினால், அலகு கைப்பிடி ஓரத்தோடு முடிந்துபோயிருந்தது. அதற்கு அப்புறம் சுண்டுவிரலை விட ஒல்லியாக மரை போட்ட கம்பி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அவரைக்கொட்டை அளவு வெல்டிங். என் பட்டறைப் பையன் அப்படி ஒரு வெல்டிங் போட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இந்த மாதிரி வாள் சுவரில் மாட்டத்தான் ஆகும். வேகமாக நான்கு முறை வீசினால் வெல்டிங் விட்டுவிடும், அலகு தன் போக்கில் பறக்கும். பக்கத்தில் நிற்பவர் பாடு அதோகதிதான்.

வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்த பிறகு மற்றதும் விளங்கியது. எண்பது வருடப் பழைய வாள் பாட்டியின் எவர்சில்வர் சொம்பு மாதிரி பளபளக்குமா? விளிம்பை ஒட்டி அலை அலையாக ஓடுகிற வெள்ளைக் கோட்டை ஹாமோன் என்பார்கள். அலகின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசி, சூடாக்கித் தண்ணீரில் முக்கும்போது விளிம்பு மட்டும் கடினமாகி உண்டாகிற கோடு அது. இதில் யாரோ உரசிவிட்ட வெறும் மங்கல் பட்டை. சப்பான் ராணுவத்தில் சார்ஜன் தரத்தாருக்கு 1935இல் வந்த 95ஆம் வகை வாளில் அலகிலேயே வரிசை எண் அடித்திருப்பார்கள். அதிகாரிகளின் வாளில், செய்த கொல்லர் வாலில் பெயர் வெட்டியிருப்பது உண்டு. என்னுடையதில் வாலே இல்லை, பெயரை எங்கே தேடுவது?

அடுத்த வாரம் சென்செய்யிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். சிரிக்கவில்லை. முதலில் "அதைக் காரில் வைத்துக்கொண்டா வந்தாய்?" என்றுதான் கேட்டார். இங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முறையான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறை, பிரம்படியும் உண்டு. மோட்டாரில் பாராங்கத்தியைக் கட்டிக்கொண்டு செம்பனைக்குப் போகிற பெரியவருக்கு அது வேலைக் கருவி. பாயில் சுருட்டிய வாளுக்கு நான் என்ன காரணம் சொல்லியிருப்பேன்?

சப்பானிலும் ஆயுதச் சட்டம் அதே 1958இல்தான் வந்ததாம். அங்கே உரிமம் பெற்ற கொல்லர் மட்டுமே நிஜ வாள் அடிக்கலாம், அதிலும் நீள வாள் மாதத்துக்கு இரண்டுதான். அதனால் அந்த வாளின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற கூர்மையான எஃகு வாள்களில் பெரும்பாலானவை சீனாவின் லொங்சுவான் ஊர்க்காரர்கள் செய்பவை. 1060, 1095 என்று எண் போட்டிருக்கும். நூற்றுக்கு 0.60, 0.95 பங்கு கரி சேர்ந்த எஃகு என்று அர்த்தம். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் புதிதாகக் கற்பவன் கையில் கூர்மையான வாள் கொடுத்தால் முதலில் வெட்டுப்படுவது அவனுடைய இடது கட்டைவிரல். உறையில் திரும்பப் போடும்போது விரல் உறைவாயில்தான் இருக்கும்.

"உனக்கு வேண்டியது இயாய்தோ" என்றார். கலை இயாய்டோ, பயிற்சி வாள் இயாய்தோ. ஒரே எழுத்துதான் வித்தியாசம், எனக்குப் பழகவே ஒரு மாதம் ஆனது. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு அலகு, கூர் கிடையாது, கூர் ஏற்றவும் முடியாது. எதையும் வெட்டக் கூடாது, இன்னொரு வாளோடு மோதவும் கூடாது. காற்றுக்கு மட்டும்தான்.

முட்டிவலியால் பயிற்சியை விட்டவர் ஒருவர் தன்னுடையதை 900 வெள்ளிக்குக் கொடுக்க முன்வந்தார். கடல்தாண்டி வரவழைக்கிற தொல்லை இல்லை. இந்த முறை காசை எடுப்பதற்கு முன்னால் நட்டுவைத் தேடினேன்! மூங்கில் ஆணியைத் தட்டினேன், கழன்றது. வால் முழுதாக இருந்தது, வெல்டிங் இல்லை. திரும்ப மாட்டி ஆட்டினேன், சத்தமில்லை. உறையோடு தலைகீழாகப் பிடித்தேன், அலகு நழுவவில்லை. அப்புறம் நீளம். சப்பானியர் கணக்கில் ஒரு ஷாக்கு 30.3 சென்டிமீட்டர். இது 2.45 ஷாக்கு, சுமார் 74 சென்டிமீட்டர். என் உயரம் 173. கையைத் தொங்கவிட்டு வாளைப் பிடித்தால் முனை தரையில் இடிக்கவில்லை. சரி என்று வாங்கிவிட்டேன்.

வாங்கும் முன்பே காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். மேசையில் இருந்த சார்ஜன் முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூரில்லாத பயிற்சி வாள் என்றதும் பயிற்சிச் சங்கத்தின் கடிதத்தைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார், வழியில் எங்கேயும் இறக்காமல் நேராகப் போய் நேராக வரச் சொன்னார். இப்போது பூட்டிய பெட்டி, அதற்கு மேல் கடிதம். கோப்பி குடிக்கக்கூட நிறுத்துவதில்லை.

ஒரு தப்பு மட்டும் செய்தேன். முனியாண்டி கோயில் அரிவாளுக்குப் பூசுகிற பழக்கத்தில் அலகுக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். நான்கு நாளில் பிசுபிசுத்து உறைக்குள் ஒட்டிக்கொண்டது. துடைத்து எடுக்கப் பாதி நாள் போனது. இந்த அலகு எஃகு மாதிரி துருப்பிடிப்பதில்லை, காய்ந்த துணியால் துடைத்தாலே போதும். வேண்டுமானால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

பழைய வாளைக் கிரைண்டரில் மூன்றாக அறுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். எவர்சில்வர் கணக்கில் மூன்று வெள்ளி கொடுத்தார்.

பாட்டியிடம் மறைக்க முடியவில்லை. "கொண்டா பார்ப்போம்" என்றார். மடியில் வைத்துக்கொண்டு உறையை ஒரு தரம் விரலால் தட்டினார். அப்புறம் அலகின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, கத்தி வாங்கும்போது பார்ப்பது மாதிரி மெல்லத் தேய்த்தார்.

"இது வெட்டாதா?"

"வெட்டாது பாட்டி."

"அப்ப இதுக்கா தொள்ளாயிரம்?"

அலகின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் ஓடுகிறது. கோணம் கோணாமல் வெட்டினால் அந்தப் பள்ளம் காற்றில் 'விஷ்' என்று சத்தம் எழுப்பும். கை கோணினால் சத்தம் வராது. எனக்கு வர மூன்று வாரம் பிடித்தது. வரவேற்பறையில் காற்றாடி இடிக்கும் என்பதால் கார்க் கொட்டகையில்தான் பயிற்சி. சத்தம் வந்தது என்று நான் சந்தோஷப்பட்ட இரவிலிருந்து, நான் வாளை எடுத்தாலே பாட்டி தன் அறை ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.