மான்செஸ்டர் பிரிவு எங்கே இருக்கிறது?

ஜூன் மாதக் குளிரில் மெல்பர்னுக்குக் குடிவந்த முதல் வாரம், படுக்கை விரிப்பு எங்கே கிடைக்கும் என்று ஒரு பெரிய கடையில் கேட்டேன். 'மேல்மாடியில், மான்செஸ்டர் பிரிவில்' என்றார் விற்பனைப் பெண்மணி. மேலே போனால், மான்செஸ்டர் என்று எழுதித் தொங்கவிட்ட பலகையின் கீழே தலையணை உறைகளும் துண்டுகளும் மேசை விரிப்புகளும் அடுக்கடுக்காக இருந்தன.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து பருத்தித் துணி கப்பல் கப்பலாக வந்திறங்கியதால், ஊரின் பெயரே ஆஸ்திரேலியாவில் சரக்கின் பெயராக நிலைத்துவிட்டது. இங்கிலாந்துக் கடைகளில் இப்பொருளில் இச்சொல் வழங்குவதில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகி, தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்த கோயம்புத்தூரில் பிறந்த எனக்கு, அந்தப் பலகையைவிட்டு நகர மனமே வரவில்லை.

எல்லாச் சொல்லும் இப்படி இனிமையாக அறிமுகமாகவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி 'மாலை ஆறு மணிக்கு டீக்கு வாருங்கள்' என்று அழைத்தபோது, தேநீரும் பிஸ்கட்டும்தான் என்று எண்ணி, இரவுக்கு ரசம் வைத்து மூடிவிட்டு நானும் கணவரும் சென்றோம். அரைமணி நேரத்தில் விடைபெற எழுந்தபோது, அவர் அடுப்பிலிருந்து ஒரு தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்; வாட்டிய பூசணியும் உருளைக்கிழங்கும் ஆவி பறந்தன. இங்கே பலருக்கு, குறிப்பாக மூத்தவர்களுக்கு, டீ என்றால் இரவு உணவு. அவர் முகம் வாடியதைக் கண்டதும் உட்கார்ந்து நிறைவாகச் சாப்பிட்டோம். அன்றிலிருந்து, புரியாத சொல்லுக்குத் தலையாட்டாமல் பொருள் கேட்டுவிடுகிறேன்.

அலுவலகத்தில் கூட்டத்தை 'ப்ரீபோன்' செய்யலாமா என்று நான் கேட்டபோது, விழித்தவர்கள் மற்றவர்கள். நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் சொல் அது. 'போஸ்ட்போன்' இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் இருப்பது நியாயம் என்றே இன்றும் கருதுகிறேன். குடைமிளகாய் மட்டும் ஊரில் போலவே இங்கும் கேப்சிகம்தான். அமெரிக்காவிலிருக்கும் தங்கைக்கு அது பெல் பெப்பராகிவிட்டது.

சென்ற ஆண்டு அப்பா வந்திருந்தபோது அதே கடைக்கு அழைத்துச் சென்றேன். 30 ஆண்டுகள் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பின் ஒரு விரிப்பின் ஓரத்தை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, 'நாப்பதாம் நம்பர் நூலாட்டம் இருக்குது கண்ணு' என்றார்.