ஸ்பைடர்மேனை முதல் இதழிலிருந்து மறுபடி படித்தேன்: பதினோரு மாதக் குறிப்பு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. அரிசி டப்பா, கேஸ் சிலிண்டர், அம்மாவின் மருந்துப் பை எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டு இறங்கி வந்தேன். அதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி பாதி மூழ்கியிருந்தது. உள்ளே நூற்றுச் சொச்சம் ஸ்பைடர்மேன் இதழ்கள். இருபத்தைந்து வருடச் சேர்ப்பு.

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக அவற்றைக் காயவைத்தேன். நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சான பழைய இதழ்கள் பிழைத்துக்கொண்டன. பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளைச் செருகி, மின்விசிறிக்குக் கீழே பரப்பி, தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருந்தேன். நெளிந்து போனாலும் படிக்க முடிந்தது. வழுவழுப்பான தாளில் வந்த பிந்தைய இதழ்கள்தான் போய்விட்டன. அந்தத் தாளின் மேல்பூச்சு ஈரத்தில் பசை மாதிரி ஆகிவிடுகிறது. காய்ந்த பிறகு புத்தகம் ஒரே பலகை. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், ஸ்பைடர்மேனின் ஜோடி மேரி ஜேனின் முகத்தில் பாதி எதிர்ப் பக்கத்தோடு உரிந்து வந்தது. அதோடு பிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

நண்பர்கள் மூன்று பேருக்கும் போன் செய்து சொன்னேன். மூன்று பேரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: "எடைக்குப் போட்டுடு."

தண்ணீர் வந்ததைவிட எனக்கு இதுதான் வலித்தது. ஒரு இதழுக்காக சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட்டில் மதியம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் இவர்கள். நாங்கள் நாலு பேரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று வளர்ந்தவர்கள். 'ஸ்பைடர்' என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வந்தது லயன் காமிக்ஸில் வந்த, கூர்காது கொண்ட பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரம்தான். அமெரிக்க ஸ்பைடர்மேன் பிறகு வந்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்பைடர்மேனை வெளியிடும் அமெரிக்கக் கம்பெனியான மார்வெலின் கதைகளை கோதம் காமிக்ஸ் இந்தியாவிலேயே அச்சடித்தபோது பிடித்துக்கொண்டோம். முகமூடிக்குள் இருக்கும் பையன் பீட்டர் பார்க்கர். அவனை வளர்த்த பென், பீட்டரின் அப்பாவுக்கு அண்ணன் முறை, மே அவர் மனைவி. அதனால் எங்கள் பேச்சில் எப்போதும் பென் பெரியப்பா, மே பெரியம்மாதான்.

அப்படிப்பட்டவர்களுக்கு எந்த இடத்தில் விட்டுப்போனது? எனக்கே எங்கே விட்டுப்போனது? தெரிந்துகொள்ள 2024 ஜனவரியில் முதல் இதழிலிருந்து ஆரம்பித்தேன். காகிதத்தில் மிஞ்சியதைக் காகிதத்திலும், மற்றதை மார்வெல் செயலிக்குச் சந்தா கட்டி டேப்லெட்டிலும் படித்தேன். இரவுக்கு மூன்று இதழ். ஒரு லாங் சைஸ் நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டேன். முதலாவதில் இதழ் எண். இரண்டாவதில் அந்த இதழால் பீட்டரின் வாழ்க்கையில் என்ன மாறியது. மூன்றாவதில் அந்த மாற்றம் இன்றும் நிற்கிறதா.

முதல் இரண்டு மாதம் தூக்கம் போனதே தெரியவில்லை. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழில் ஆரம்பித்து, 1965-இல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' தொடரின் 28ஆம் இதழிலேயே பள்ளிக்கூடம் முடித்துவிடுகிறான் பையன். அப்புறம் 31-இல் கல்லூரி. வாசகனோடு சேர்ந்து வளர்கிறான்.

33ஆம் இதழை மூன்று தடவை படித்தேன். மே பெரியம்மா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். முன்பு பீட்டர் கொடுத்த ரத்தத்தில் இருந்த கதிரியக்கம்தான் காரணம். அவளைக் காப்பாற்றும் மருந்துக் குப்பி கண்ணெதிரே தரையில் கிடக்கிறது, கைக்கு எட்டவில்லை. அவன் முதுகின் மேல் ஒரு பெரிய இரும்பு எந்திரம், கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வெள்ளத்தோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்த எனக்கு அந்தத் தண்ணீரின் சத்தமே கேட்டது. ஓவியர் ஸ்டீவ் டிட்கோ இங்கே செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் கட்டங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன, அவனுக்கு அசையக்கூட இடமில்லை. அவன் தள்ளத் தள்ளக் கட்டம் பெரிதாகிறது. எந்திரம் தலைக்கு மேலே எழும்பும்போது முழுப் பக்கமும் ஒரே படம். வசனத்தை மூடிவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கனம் தெரியும். இதற்கு ஐந்து இதழ் தள்ளி டிட்கோ தொடரை விட்டே போய்விட்டார்.

அப்புறம் வரைய வந்தவர் ஜான் ரொமீட்டா. மேரி ஜேன், பீட்டரின் காதலி க்வென், காபிக் கடை. இந்தக் காலத்து இதழ்களை வேகமாகவே தாண்டினேன், சந்தோஷமாக இருந்தது, எழுத அதிகமில்லை. 1973-இல் 121ஆம் இதழ். பாலத்திலிருந்து விழும் க்வென்னை வலை வீசிப் பிடிக்கிறான். வலை காலைப் பற்றி நிறுத்தும் கட்டத்தில், அவள் கழுத்துப் பக்கம் பொடி எழுத்தில் ஒரு 'ஸ்நாப்', கழுத்து முறியும் சத்தம். சின்ன வயதில் அந்த எழுத்தை நான் பார்க்கவே இல்லை. காசிமேட்டு நண்பன்தான் விரல் வைத்துக் காட்டினான். அன்று நாலு பேரும் பேசாமல் வீட்டுக்கு நடந்தது நினைவிருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்தவன் படிப்பை முடிக்க 185ஆம் இதழ் ஆகிறது, வருடம் 1978. மூன்று வருடத்தில் பள்ளியை முடித்தவனுக்குக் கல்லூரிக்கு ஏறத்தாழ பதிமூன்று வருடம். அவன் கடிகாரம் மெதுவாகிவிட்டதை நோட்டில் எண்ணாகப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். ஆனாலும் நகர்ந்தது. 1987-இல் மேரி ஜேனோடு கல்யாணமே ஆகிவிட்டது.

நடுவில் ஒரு மாதம் படிப்பு நின்றது. மழைக்கு முன்பே கடல் காற்று வேலையைக் காட்டியிருந்தது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கமெல்லாம் காவி நிறக் கறை. மழுங்கின கத்தியால் பின்னின் கால்களை நிமிர்த்தி, வெளிப்பக்கமிருந்து மெல்ல இழுத்து எடுத்தேன். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்து முடிச்சுப் போட்டேன். நாற்பத்தொரு இதழ் தைத்தேன். பெட்டிக்குள் மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு வைத்திருக்கிறேன். ராமபாணப் பூச்சி இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

மறுபடி உட்கார்ந்தது தொண்ணூறுகளில். இங்கேதான் மூன்றாவது பத்தியில் பெருக்கல் குறிகள் வரிசை கட்டின. 1995-இல் 400ஆம் இதழில் மே பெரியம்மா இறக்கிறாள். அழகாக, அமைதியாக எழுதப்பட்ட சாவு. எனக்குக் கண் கலங்கியது. 1998-இல், இறந்தது பெரியம்மாவே இல்லை, அவளைப் போல நடித்த ஒரு நடிகை என்று சொல்லிவிட்டார்கள். க்வென்னைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டு 122-இல் செத்த வில்லன் நார்மன் ஆஸ்போர்ன் 1996-இல் திரும்புகிறான். 1993-இல் செத்த அவன் மகன் ஹாரி 2008-இல். முன்பு 'நிற்கிறது' என்று நான் எழுதியிருந்த இடங்களுக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டியதாயிற்று. நான் அழுத பக்கங்களில் என் பேனாவாலேயே கோடு போட்டது நல்ல அனுபவமில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன்.

எண்ணூர்க்காரன் எங்களில் சேகரிப்பாளன். வரிசை எண் முறியக்கூடாது அவனுக்கு. கதையைப் பற்றி அவனுக்குக் குறையே இல்லை. "1963-ல ஒரு ஒண்ணாம் நம்பர். 1999-ல ஒண்ணு. 2014-ல ஒண்ணு. அடுத்த வருஷமே இன்னொரு ஒண்ணு. எதுக்கு அப்புறம் எதைடா அடுக்குறது?" என்றான். 2015-இல் விட்டுவிட்டான். புதிய வாசகன் உள்ளே வர வாசல் வேண்டும் என்று கம்பெனி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது. முதல் இதழ்தான் நன்றாக விற்கும் என்பதும் உண்மை. ஆனால் பழையவனுக்கு அது, நீ நடந்து வந்த தூரம் கணக்கில் இல்லை என்று சொல்வதுதான்.

காசிமேட்டு நண்பன் 700ஆம் இதழோடு நின்றவன். வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் பீட்டரின் உடம்புக்குள் புகுந்து அவனாகவே நடமாடும் கதை. இப்போது படித்தபோது எனக்கு அது பிடித்திருந்தது, நன்றாகக் கட்டிய கதை. அவனிடம் அதைச் சொன்னேன். "நல்லாத்தான்டா இருந்துச்சு. ஆனா பீட்டர் திரும்பி வந்துடுவான்னு அப்பவே தெரியும். தெரிஞ்சப்புறம் இன்னாத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்?" என்றான். அவன் மகனுக்கு ஸ்பைடர்மேன் என்றால் பின்னாளில் முகமூடி போட்ட இன்னொரு பையன், மைல்ஸ் மொராலிஸ்தான். பீட்டரை அந்தப் பையன் "பழைய ஸ்பைடர்மேன்" என்கிறான்.

பெரம்பூர் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்களில் மூத்தவர், எங்களுக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைத்தவரும் அவர்தான். அவர் விட்டது 2007-இல், 545ஆம் இதழில். மே பெரியம்மா குண்டடி பட்டுக் கிடக்கிறாள். அவளைப் பிழைக்க வைக்க மெஃபிஸ்டோ என்ற பேய்க்கு பீட்டரும் மேரி ஜேனும் தங்கள் கல்யாணத்தையே விலையாகக் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை விடியும்போது அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. இருபது வருடக் கதை. கல்யாணமானவனாக இருந்தால் ஸ்பைடர்மேனுக்கு வயதாகிவிடுகிறது என்பது அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கசாடாவின் கருத்து. இந்தக் கதையை வரைந்தவரும் அவரே.

அண்ணனுக்கு 2005-இல் கல்யாணம். நோட்டின் மூன்றாவது பத்தியை மெல்லப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவங்களுக்குள்ள சண்டை வந்து பிரிஞ்சிருந்தா நான் ஏத்துக்கினு இருப்பேன்பா. அதுவும் வாழ்க்கைதான். நடந்ததையே நடக்கலேன்னுட்டாங்க பாரு, அதான் தாங்கல."

எனக்கு அன்று இரவு முழுக்க அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. ராணி காமிக்ஸில் நாங்கள் படித்த முகமூடி வீரர் மாயாவியை நினைத்துக்கொண்டேன். லீ ஃபாக் 1936-இல் ஆரம்பித்த ஃபேண்டம். அங்கே முகமூடி அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். நாம் படிப்பது இருபத்தொன்றாவது ஆளின் கதை. அவருக்கும் 1977-இல் டயானாவோடு கல்யாணம் செய்து வைத்தார்கள், இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள், யாரும் அதைப் பிடுங்கவில்லை. இரும்புக்கை மாயாவியோ ஸ்பைடர்மேனுக்குச் சரியாகச் சம வயது. அவனும் 1962-இல், பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் வந்தவன். 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவனை வைத்துத்தான். அந்தக் கதைகள் எப்போதோ எழுதி முடிந்தவை. இன்று மறுபதிப்பு வாங்கினாலும் நான் பத்து வயதில் படித்த அதே கதைதான் கையில் இருக்கும்.

மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய கதைக்கு அந்த வசதி இல்லை என்பது எனக்குப் புரிகிறது. அறுபது வருடம் ஒருவனை இளைஞனாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் எதையாவது அழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 33ஆம் இதழில் அந்த எந்திரம் கனத்தது, தோற்றால் தோற்றதுதான் என்று நாங்கள் நம்பியதால். அந்த நம்பிக்கை இல்லாமல் எத்தனை பெரிய எந்திரத்தை வரைந்தாலும் அது காகிதம்தான்.

சரி, என் கதை. கோபப்பட்டு ஏதோ ஒரு இதழைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நோட்டு வேறு சொல்கிறது. ஆரம்பத்தில் ஒரு இதழுக்கு ஆறு வரி, எட்டு வரி எழுதியிருக்கிறேன். 600-களில் மூன்று வரி. அப்புறம் ஒரு வரி. 2018-க்குப் பிறகு பல இடங்களில் "சண்டை. முடிந்தது." 2023-இல் 26ஆம் இதழில் மிஸ் மார்வெல் என்ற சூப்பர் நாயகி கமலா கான் இறக்கிறாள். உலகமே பார்த்த சாவு, பெரிய விளம்பரம். அந்த வரிக்கு எதிரே நான் இரண்டாவது பத்தியில்கூட எதுவும் எழுதவில்லை. அவள் திரும்பி வர இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் காலியான கட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு எங்கே விட்டுப்போனது என்று தெரிந்தது. ஒரு இடத்தில் விடவில்லை. பத்து வருடமாகக் கசிந்திருக்கிறது.

நவம்பரில் மறுபடி பெரம்பூர் போனேன். டேப்லெட்டில் அந்த வருட ஜனவரியில் தொடங்கிய புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' இருந்தது. ஜோனதன் ஹிக்மன் எழுதியது, மார்கோ கெக்கெட்டோ வரைந்தது. பழைய தொடரோடு சம்பந்தமில்லாத தனி உலகம். பீட்டருக்கு முப்பதைத் தாண்டிய வயது, தாடி வைத்திருக்கிறான். மேரி ஜேன் மனைவி. இரண்டு குழந்தைகள். இதில் பென் பெரியப்பா உயிரோடு இருக்கிறார், பெரியம்மாதான் இல்லை. சக்தியே இப்போதுதான் கிடைக்கிறது அவனுக்கு.

அண்ணன் முதலில் கையில் வாங்கவே இல்லை. "வேணாம்பா, விடு" என்றார். கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டு டீ சொல்லப் போனேன். திரும்பி வந்தபோது ஆதார் நகல் எடுக்க வந்த ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். அண்ணன் ஒரு கையால் மிஷினை மூடிக்கொண்டே மறு கையால் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு நகல் ஒன்று கூடுதலாகவே போய்விட்டது. முதல் இதழ் முடிந்தது, இரண்டாவதைத் திறந்தார். டீ ஆடை கட்டிவிட்டது.

கடை சாத்தும் நேரம் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இங்கயே வச்சுட்டுப் போ. நாளைக்கு வந்து வாங்கிக்க."