சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்த கோடைக்காலம்

நார்ஃபோக்கில் நாங்கள் வாங்கியது ஒரு பழைய செங்கல் பண்ணைவீடு, பழமையான கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் கிரேடு 2-இல் இருப்பது. பக்கச்சுவரின் முக்கோண உச்சியில், கூரைச் சரிவை ஒட்டி, செங்கற்களைச் சாய்த்து ஆப்பு ஆப்பாக அடுக்கியிருக்கிறார்கள். கிழக்கு இங்கிலாந்தில் இதை நிறையப் பார்க்கலாம். அந்த அழகைப் பார்த்துத்தான் வாங்கினோம்.

முதல் குளிர்காலம் முடிந்தபோது மேற்குச் சுவரடியில் செந்தூள் கொட்டிக் கிடந்தது. விரல் பட்டாலே செங்கல்லின் மேல்தோல் பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது, ஆனால் நடுவில் இருந்த சாம்பல் நிறச் சிமெண்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. முன்பு யாரோ சிமெண்ட்டில் பாயிண்டிங் செய்திருக்கிறார்கள், அதாவது செங்கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளை நிரப்பியிருக்கிறார்கள். பழைய செங்கல் மென்மையானது; சுவருக்குள் போன ஈரம் சந்துகளில் உள்ள சுண்ணாம்பு வழியாக வெளியேற வேண்டும். அதை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல்லிலேயே தங்கி, உறைபனியில் விரிந்து, அதன் முகத்தைப் பிளந்துவிடும்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கதிரடிக் கொட்டகையைப் பார்த்த பிறகுதான் இது எனக்கு முழுசாகப் புரிந்தது. எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள், நடுவில் களம். இரண்டையும் திறந்துவைத்து, ஊடே வரும் காற்றில் தூற்றியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் யாரும் கைவைக்கவே இல்லை. காரை தேய்ந்து உள்வாங்கியிருந்தாலும் செங்கல் முனைகூட மழுங்கவில்லை.

சரி, சிமெண்ட்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை வைக்க முடிவுசெய்தோம். அடுத்தது, பட்டியலில் உள்ள வீடு என்பதால், அதற்கான அனுமதி. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, முடிவு சொல்ல 8 வாரக் கெடு. முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, காரைக் கலவையின் விவரம் இல்லை என்று. வீட்டோடு சேர்ந்த, 1948 ஜூலை 1-க்கு முந்தைய கொட்டகைகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. அனுமதியில்லாமல் இவற்றின் தன்மையை மாற்றினால் அது குற்றம், ஆகவே பொறுமையாக எல்லாவற்றையும் எழுதி மறுபடி அனுப்பினோம்.

வேலையில் பாதி சுரண்டுவதுதான். மெஷின் வைத்தால் செங்கல் ஓரம் வெட்டுப்படும் என்பதால் மெல்லிய உளியும் சுத்தியலும் மட்டும், சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு. அப்புறம் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையை அழுத்தி நிரப்பி, கட்டைவிரல் பதியாத அளவுக்கு இறுகியதும் முரட்டுத் தூரிகையால் தட்டி, ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். சாக்கு காயவே கூடாது. ஒரு வெயில் நாளில் நான் மதியம் நனைக்க மறந்து, ஒரு சதுர மீட்டர் முழுக்க வெடித்து மாவாகிவிட்டது, அதை மறுபடி சுரண்டி எடுத்தேன்.

5 டிகிரிக்குக் கீழே போனால் காரை பிடிக்காது, அதனால் செப்டம்பர் கடைசியில் நிறுத்திவிட்டோம். மேற்குச் சுவர் முடிந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க அதன் அடியில் செந்தூள் விழவில்லை. வடக்குச் சுவரை ஏப்ரலில் தொடங்குகிறோம்.